அப்பாவுக்குக் கணைய ஆபரேஷன் என்கிறார்கள். முன்னாலும் பின்னாலும் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: அப்பாவுக்கு 57 வயது. காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் பார் ஏற்றும் வேலை. மஞ்சள் காமாலை என்று போன இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கணையத்தின் தலையில் கட்டி இருக்கிறது, கணையத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணையம் இல்லாமல் மனுஷன் இருக்க முடியுமா, அதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், வீட்டுக்கு வந்தபின் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: இருக்க முடியும். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். கத்தி பிடிப்பது சர்ஜனின் வேலை, அதில் நமக்குப் பங்கில்லை. அதற்கு முந்தைய சில வாரமும் பிந்தைய சில மாதமும் முழுக்க வீட்டார் கையில் இருக்கிறது. அதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

நான் டாக்டர் இல்லை. வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், குடல், ஈரல், கணையம் ஆபரேஷன் ஆனவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பல வருடம் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. அதனால் கட்டி எந்த வகை, ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்பதில் நான் வாய் திறக்கப் போவதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

முதலில், ‘கணையத்தை எடுக்கணும்’ என்று சொல்லிவிட்டார்களே என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் முழுக் கணையத்தையும் எடுப்பதில்லை. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிற, சுமார் 15 செ.மீ. நீள உறுப்பு. வலப்பக்கம் தலை, நடுவில் உடல், மண்ணீரலை ஒட்டி வால். தலையில் கட்டி இருந்தால் செய்வது விப்பிள் ஆபரேஷன். ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் 1935-இல் வெளியிட்ட முறை அது, இன்று நிறைய மாறிவிட்டது. கணையத் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சிலருக்கு இரைப்பையின் நுனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதமிருக்கும் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைப்பார்கள். பொதுவாக 5 மணி நேரத்துக்குக் குறையாது. கட்டி வாலில் இருந்தால் வேறு ஆபரேஷன், அதில் மண்ணீரலும் பெரும்பாலும் போகும். முழுக் கணையமும் எடுப்பது குறைவு. ஆக, நீங்கள் முதலில் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் பகுதி எடுக்கப் போகிறார்கள் என்பதைத்தான். பிறகு வருகிற சுகர், சாப்பாடு, மாத்திரை எல்லாமே அதைப் பொறுத்தது.

கணையத்துக்கு வேலை இரண்டு. சாப்பாட்டில் உள்ள கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கிற நொதியைச் சுரப்பது ஒன்று. இன்சுலின் முதலிய ஹார்மோன்களை ரத்தத்தில் விடுவது இன்னொன்று. நொதி குறைந்தால் கேப்ஸ்யூல் இருக்கிறது, இன்சுலின் குறைந்தால் ஊசி இருக்கிறது. அதனால்தான் முழுதும் எடுத்தவர்கள்கூட வாழ முடிகிறது. ஆனால் இரண்டையும் நாம் வெளியிலிருந்து வேளாவேளைக்கு அளந்து கொடுக்க வேண்டும்.

இப்போது காமாலை. பித்தநாளம் கணையத் தலை வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. கட்டி அதை நெருக்கினால் பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும், மலம் வெளுக்கும், ராத்திரியில் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். நம் பக்கம் காமாலை என்றாலே கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வைரஸால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். அடைப்பால் வந்த காமாலை அப்படி இறங்காது. பத்தியத்தில் ஆள் இளைத்துப்போவதும் நாள் ஓடுவதும்தான் மிச்சம். சாப்பிட முடிந்தவரை முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்கள். உப்பையும் நிறுத்த வேண்டாம், வேறு காரணத்துக்காக டாக்டர் சொன்னால் தவிர.

காமாலையின் அளவைக் காட்டுகிற பிலிரூபின் ரத்தத்தில் ரொம்ப ஏறியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஆபரேஷன் தள்ளிப்போவதாக இருந்தாலோ, எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்துப் பித்தம் இறங்க வழி செய்வார்கள். எல்லோருக்கும் வைப்பதில்லை. ஸ்டென்ட்டே கிருமி ஏற வழி விடுகிறது என்பதால், சீக்கிரம் ஆபரேஷன் நடக்கும் என்றால் வைக்காமலே போவதும் உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வைத்தார்கள், எங்கள் அப்பாவைக் கவனிக்கவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது அடைத்துக்கொண்டது என்று அர்த்தமாக இருக்கலாம், ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். காமாலையில் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைய நேரமாகும். அதற்கு முன்கூட்டியே ஊசி போடுவார்கள்.

பீடி, சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நாலு வாரம் முன்னால் விட்டால் நல்ல பலன், அதற்கும் குறைவாகத்தான் நேரம் இருக்கிறது என்றாலும் விடுவது விடுவதுதான். வயிற்றில் இவ்வளவு பெரிய தையல் இருக்கும்போது இருமுவது சித்திரவதை. இருமாமல் அடக்கினால் சளி கீழே தங்கி நிமோனியா ஆகும். அதற்காகத்தான் ஸ்பைரோமீட்டர் என்று மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். உதட்டில் இறுக்கிப் பிடித்து மெதுவாக மூச்சை இழுத்து, பந்து மேலே நிற்கிறபடி இரண்டு மூன்று வினாடி நிறுத்தி, பிறகு விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆபரேஷனுக்கு முன்பே பழகினவர்களுக்கு ஐ.சி.யு.வில் அது வேலை செய்கிறது, அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது. தினமும் நடக்கவும் வையுங்கள். கன்டெய்னர் லாரி புகை அடிக்கிற எண்ணூர் நெடுஞ்சாலையில் வேண்டாம். ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா மாதிரி ஓர் இடம், இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும்.

இன்னொரு விஷயம் உண்டு, கேட்கச் சங்கடமாக இருக்கும். அப்பா குடிப்பாரா? தினமும் குடிக்கிறவர் என்றால் மயக்க டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், எவ்வளவு என்பதோடு. ‘எப்பவாவது, கல்யாணம் காதுகுத்துன்னா’ என்று சொல்லி மறைத்த வீடுகளில் என்ன நடக்கும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், பூச்சி ஊருகிறது என்பார், நடுராத்திரியில் மூக்கு ட்யூபையும், வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே வடிக்கிற ட்ரெயின் குழாயையும் பிடித்து இழுப்பார். உள்ளே புதுத் தையல் இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. யாரும் திட்டப் போவதில்லை, போலீசிலும் சொல்லப் போவதில்லை.

அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. நாட்டு மருந்து, லேகியம் எதுவாக இருந்தாலும் அதையும் சொல்லிவிடுங்கள். சுகர் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். ரத்தம் கொடுக்க உறவில் இரண்டு மூன்று பேரைச் சொல்லி வைப்பது நல்லது. அவ்வளவுதான் இந்தப் பகுதி.

எங்கே செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற இடத்தில் பலன் நன்றாக இருக்கிறது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம், இதில் சந்தேகமே இல்லை. சர்ஜனின் கை மட்டுமில்லை, பின்னால் வரும் சிக்கலை நேரத்தில் கண்டுபிடிக்கிற ஐ.சி.யு., ஸ்கேன், ராத்திரி டியூட்டி எல்லாம் சேர்ந்தது அது. ‘இங்கே வருடத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே அரசுப் பொது மருத்துவமனையான ஜி.எச்.சிலும் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு அங்கே இதற்குச் செல்லுமா என்று காப்பீட்டு கவுன்ட்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

சர்ஜனிடம் கேட்க இன்னும் இரண்டு மூன்று கேள்வி இருக்கிறது. வயிற்றைத் திறந்து பார்த்தபின் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றியிருந்தாலோ ஈரலில் பரவியிருந்தாலோ என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஸ்கேனில் தெரியாதது திறந்தபின் தெரிவது உண்டு. அப்போது கட்டியை எடுக்காமல் பித்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பைபாஸ் வழி செய்துவிட்டு மூடுவார்கள். தியேட்டர் வாசலில் முதல் முறையாக அதைக் கேள்விப்பட்டு உடைந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பே தெரிந்திருப்பது நல்லது. முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன் என்று சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சில கட்டிகளுக்கு அதுதான் சரியான வரிசை. மண்ணீரலையும் எடுக்க வாய்ப்பிருந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை முடிந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். தலைப்பகுதி ஆபரேஷன் என்றால் பொதுவாக அது தேவைப்படாது.

ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வில் பார்க்கும்போது மூக்கில் ஒரு ட்யூப், கழுத்தில் ஒரு லைன், சிறுநீருக்கு ஒன்று, வயிற்றின் பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ ட்ரெயின் என்று இருக்கும். சிலருக்கு நேராகக் குடலுக்குள் சாப்பாடு கொடுக்க ஒரு ட்யூபும் வைத்திருப்பார்கள். முகம் வீங்கியிருக்கும். அதைப் பார்த்து எதுவோ தப்பாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு அது வழக்கமான கோலம்.

நாங்கள் சிஸ்டர்கள் தினமும் காலையில் முதலில் பார்ப்பது ட்ரெயின் பையைத்தான். முதல் நாள் ரத்தம் கலந்த இளஞ்சிவப்பு, அப்புறம் நாளுக்கு நாள் வெளிறி மஞ்சள் நீர் மாதிரி ஆகி அளவு குறைந்தால் நிம்மதி. சாம்பல் நிறத்தில் கலங்கலாக வந்தால் கணைய இணைப்பு கசிகிறதோ என்று சந்தேகம், பச்சையாக வந்தால் பித்தம், திடீரென்று சிவப்பானால் ஓட்டம்தான், உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். மூன்றாம் நாள் வாக்கில் ட்ரெயின் நீரில் அமிலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்ப்பார்கள், ரத்தத்தில் இருக்க வேண்டிய மேல் அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று கணக்கு. இந்தக் கசிவுதான் இந்த ஆபரேஷனின் பெரிய தலைவலி. கணையம் வெண்ணெய் மாதிரி மென்மையாக இருந்தால் தையல் பிடிப்பது கடினம், அது யார் குற்றமும் இல்லை. நிறையக் கசிவுகள் ட்ரெயினை வைத்துக்கொண்டே பொறுமையாகக் காத்திருந்தால் தானாக ஆறிவிடும். சிலரை ட்ரெயினோடேயே வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் பையைக் காலி செய்வது, அளவைக் குறித்து வைப்பது இரண்டையும் வார்டிலேயே கையால் செய்து பழகிக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்று, சிலருக்கு இரைப்பை கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் செய்யும். வாந்தி வரும், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், எடுத்த மூக்கு ட்யூபை மறுபடி போட வேண்டி வரலாம். குடும்பத்தார் மனசு விட்டுப்போவது இங்கேதான், ஆனால் பெரும்பாலும் இது நாள்பட சரியாகிவிடும். உண்மையைச் சொன்னால், இந்த ஆபரேஷனில் ஏதாவது ஒரு சிக்கல் நூற்றுக்கு 30 முதல் 50 பேருக்கு வருகிறது. ஆனால் நன்றாகப் பழகின இடங்களில் உயிர் போவது நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. சிக்கல் இல்லை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் வீடு, கசிவு வந்தால் மாதம்கூட ஆகலாம். மறுநாளே எழுந்து உட்காரவும் நடக்கவும் சொல்வார்கள். ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்று நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நுரையீரலில் சளி கட்டும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரிய ஆபரேஷன் என்றால் கஞ்சி, ரசம் சாதம், பிரெட், இளநீர். ஒரு வாரத்துக்குச் சரி. இரண்டு மாதம் அதையே கொடுத்து, ‘எண்ணெயே சேர்க்கவில்லை சிஸ்டர், அவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆள் எலும்பும் தோலுமாக ஓபியில் உட்கார்ந்திருப்பார். தையல் ஆறப் புரதம் வேண்டும், எடை ஏறக் கொழுப்பும் வேண்டும். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொழுப்பையே நிறுத்து என்பது பழைய பாடம். கொழுப்பு சாப்பிட்டு, அதைச் செரிக்கக் கேப்ஸ்யூல் போடு என்பதுதான் இப்போதைய வழி. மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஆறு சின்ன வேளை. காலையில் இரண்டு இட்லியோடு ஒரு வேகவைத்த முட்டை, பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் மோரோ சத்துமாவோ, மதியம் குழைந்த சாதம், பருப்பு, முள் எடுத்த சங்கராவோ கிழங்கானோ குழம்பில் போட்டது, சாயந்திரம் பழம், பனீர் ஒரு துண்டு, ராத்திரி தோசை, படுக்கும் முன் பால். பால் வயிற்றைக் கெடுத்தால் தயிர். கீரைத்தண்டு, கொண்டைக்கடலை, தவிடு எல்லாம் ஆரம்பத்தில் குறைவாக, நார் அதிகமானால் நொதி சரியாக வேலை செய்யாது. பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ நூடுல்ஸும் எண்ணெயில் பொரித்த மீனும் சில மாதம் போகட்டும். மது இனி வேண்டவே வேண்டாம்.

கேப்ஸ்யூல் என்றேனே, அதற்குப் பேர் பேன்கிரியாட்டின். கிரியான் என்ற பெயரில் நிறையக் கிடைக்கிறது, வேறு கம்பெனிகளும் உண்டு. 10,000, 25,000, 40,000 யூனிட் என்று வரும். பெரிய வேளைக்கு 40,000-50,000, சின்ன வேளைக்கு அதில் பாதி என்று ஆரம்பித்து, டாக்டர் ஏற்றுவார். எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட்டாலும் வீண், கை கழுவியபின் போட்டாலும் பாதி வீண். முதல் வாய் சாப்பிடும்போது ஒன்று போட வேண்டும். வேளைக்கு இரண்டு கேப்ஸ்யூல் என்றால் நடுவில் இன்னொன்று. சாப்பாடு உள்ளே போகும்போது அதோடு கலந்து போனால்தான் அது செரிக்கும். மெல்லக் கூடாது, சுடச்சுட டீயோடு விழுங்கக் கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் திறந்து, உள்ளே இருக்கும் குட்டிக்குட்டி மணிகளை ஒரு ஸ்பூன் தயிரில் போட்டு உடனே விழுங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். நசுக்கினால் வாய் வெந்துவிடும். வெறும் தண்ணீர், கறுப்பு டீ, இரண்டு துண்டு பழம் இதற்கெல்லாம் தேவையில்லை. பால், வடை, பிஸ்கட் என்றால் தேவை. தகரக்கூரை வீட்டில் டி.வி. மேலேயோ, வண்டி டேஷ்போர்டிலோ மே மாதம் வைத்தால் நொதி செத்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், மூடியை இறுக்கி வையுங்கள்.

போதுமா போதவில்லையா என்று கண்டுபிடிக்க லேபுக்குப் போக வேண்டாம், டாய்லெட்டைப் பார்த்தால் போதும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு, நாற்றம் தாங்கவில்லை என்றால் கொழுப்பு செரிக்காமல் வெளியே போகிறது. கேப்ஸ்யூல் அளவைக் கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பாக்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். இது நீண்ட நாள் நடந்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையும், எலும்பு தேயும். இன்னொரு சங்கதி, இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. மண்ணடி முஸ்லிம் குடும்பங்களும் சவுகார்பேட்டை ஜைனக் குடும்பங்களும் இது தெரிந்ததும் சொல்லாமல் நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உயிருக்குத் தேவையான மருந்து, வேறு வழியில்லை என்றால் ஆகும் என்று சொல்கிற ஆலிம்கள் பலர் இருக்கிறார்கள், உங்களுக்கு நம்பிக்கையான பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்துவதாக இருந்தால் டாக்டருக்குச் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

சுகர் வருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தலையை மட்டும் எடுத்தால் பலருக்கு வருவதில்லை, ஏற்கெனவே சுகர் இருந்தால் கூடலாம், சிலருக்கு மாதங்கள் கழித்து வரும். முழுதும் எடுத்தால் அன்றிலிருந்தே இன்சுலின், ஒரு நாளும் நிறுத்த முடியாது. இந்த சுகர் நம் வீட்டில் பாட்டிக்கு இருக்கிற சுகர் மாதிரி இல்லை. இன்சுலினோடு சேர்த்து, சுகர் இறங்கும்போது தூக்கிவிடுகிற குளூக்ககான் என்ற ஹார்மோனும் குறைந்துபோயிருக்கும். அதனால் ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவதுதான் பயம். ஊசி போட்டுவிட்டு, கேப்ஸ்யூல் போட மறந்துவிட்டால்? சாப்பாடு வயிற்றில் இருக்கும், சத்து ரத்தத்தில் ஏறாது, ஊசி மட்டும் வேலை செய்யும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, உளறல், காரணமில்லாத கோபம் இதெல்லாம் அடையாளம். மீட்டரில் 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள், ஏறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. சாப்பிட முடியாத நாளில் ஊசியை எவ்வளவு குறைப்பது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

அப்பாவின் வேலை பற்றி. ஐஸ் பார் தூக்குவது குறைந்தது மூன்று மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம். வயிற்றுச் சதை முழுதாகச் சேருவதற்கு முன் கனம் தூக்கினால் தையல் வழியாகக் குடல் பிதுங்கி ஹெர்னியா ஆகும், அதற்கு இன்னோர் ஆபரேஷன். முதல் ஆறு எட்டு வாரம் தண்ணீர்க் குடம்கூடக் கூடாது. அதற்குப் பிறகும் பழைய கனத்துக்குத் திரும்புவாரா என்பது ஆளைப் பொறுத்தது, கீமோ உண்டா என்பதையும் பொறுத்தது. கணக்கு எழுதுகிற வேலை, நின்று மேற்பார்க்கிற வேலை ஏதாவது இப்போதே முதலாளியிடம் பேசி வையுங்கள். எடை குறையத்தான் செய்யும். வாரம் ஒரு முறை ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் இறங்குவது நின்றால் போதும், ஏறுவது அப்புறம். சாயந்திரமானால் சோர்வு, யாரிடமும் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்து உட்காருவது, இதுவும் நிறையப் பேருக்கு வருகிறது. வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் ஓபியில் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: குளிர் காய்ச்சல், கண் மறுபடி மஞ்சளாவது, நிற்காத வாந்தி, கறுப்பு மலம் அல்லது ரத்த வாந்தி, ட்ரெயினில் கொஞ்சமாகவேனும் புது ரத்தம், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, திடீர் மூச்சிரைப்பு. கொஞ்சம்தான் வந்தது, நின்றுவிட்டது என்று ட்ரெயின் ரத்தத்தை விடாதீர்கள். பெரிய ரத்தக்கசிவுக்கு முன்னால் சின்னதாக ஒன்று வந்து எச்சரிப்பது உண்டு. மண்ணீரல் எடுத்தவர் என்றால் சாதாரணக் காய்ச்சலும் அவசரம்தான்.

கட்டி என்ன என்பதை எடுத்த பாகத்தின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபின்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். கணையப் புற்றுநோயில் ஏறக்கூடிய சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை ஏறியிருக்கிறது என்று இப்போதே பதற வேண்டாம், காமாலையிலேயே அது ஏறும். ரிப்போர்ட்டில் நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: கட்டியின் வகை, வெட்டின ஓரம் சுத்தமாக இருக்கிறதா, நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறதா. புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கீமோ சொல்வார்கள், உடம்பு தேறியதும், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். சாப்பாட்டைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம், எடை இல்லாத ஆளுக்குக் கீமோ தள்ளிப்போகும். எத்தனை வருடம் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் ரிப்போர்ட் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

பிலிரூபின் இப்போது எவ்வளவு, ஸ்டென்ட் வைத்தார்களா, அப்பாவுக்கு ஏற்கெனவே சுகர் உண்டா என்று எழுதுங்கள். பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் தெரியாதபடி ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் போட்டால், அதில் உள்ள வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியும். சாப்பாட்டு அட்டவணை அம்மாவிடம் பேசித் தயார் செய்யுங்கள், வீட்டில் சமைக்கிறதை வைத்தே மாற்றித் தருகிறேன்.